தெங்கே நீர்த்தேக்கம், காலை வேலை

நாரைகளுக்கு மின்சாரம் தெரியாது.
இரவெல்லாம் மிதக்கும் சூரியத் தகடுகளில் நின்று
எச்சமிட்டுப் போயிருக்கின்றன.

ரோஸ்லான் படகை அணைத்துப் பிடிக்க
நீளத் துடைப்பத்தோடு குனிகிறேன்.
ஒவ்வொரு வெள்ளைத் திட்டும்
ஜூரோங்கில் பாதி மாடியில்
நின்றுவிட்ட லிஃப்ட் என்பான் அவன்.
அப்படியெல்லாம் இல்லை.
ஒரு சொட்டு வெளிச்சம் குறையும், அவ்வளவுதான்.

துவாஸ் பக்கம்
புகைபோக்கிகளுக்கு அடியில்
இன்னும் எரிவது எரிவாயுதான்.
நாங்கள் துடைத்துத் தருவது அந்தக் கணக்கில்
புள்ளிக்குப் பின்னால் வரும் எண்.

பத்து மணிக்குச் சுமத்ரா பக்கமிருந்து
கறுத்து வருகிறது.
கைப்பேசியில் பச்சைக் கோடு
படுத்துக்கொள்கிறது.

மழை வந்தால் எச்சம் கழுவிப் போகும்.
மழை வந்தால் மின்சாரமும் போகும்.
எதை வேண்டிக்கொள்வதென்று தெரியாமல்
பிராட்டாப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம்.

குழம்பு ஆறியிருக்கிறது.