முப்பத்திரண்டு பைட்

குருநகர் இறங்குதுறை, விடிய நாலரை.
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரை,
அதில் கணினி. அதற்குள் என் நிரல்.
கேட்க ஒரு காது,
சொல்ல ஒரு வாய்,
முறையிட மட்டும் இன்னொரு வாய்.
பெயர் என்னும். பிறகு நிறை என்னும்.
ஜெயசீலி திரையைப் பார்ப்பதில்லை.
தராசைப் பார்த்தபடியே தட்டுவாள்.

முதல் கிழமை நான் கெட்ஸைப் பாவித்தேன்.
எவ்வளவு இடம் என்று அது கேட்காது,
வருவதை வாங்கிக் கொட்டும்.
மொழியை விட்டே அதைத் துரத்திவிட்டார்கள்,
என் பழைய தொகுப்பிக்கு அந்தச் செய்தி வரவில்லை.
தமிழில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்,
கொம்புக்கு மூன்று,
தலைமேல் வைக்கும் குற்றுக்கும் மூன்று.
மடுத்தீன் வரப்பிரகாசம்
'ர'வின் நடுவில் வேலி தாண்டினார்.
அடுத்த வளவில் விலை குடியிருந்தது.
விலை பூச்சியத்துக்குக் கீழே போனது.
பாரை கொண்டுவந்தவரே
பாரைக்குக் காசு கட்டவேண்டும் என்றது துண்டு.
அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.
மூன்றாந்தரம் என்னைப் பார்த்தார்.

அடுத்த கிழமை எஃப்கெட்ஸ்.
அளவு சொன்னால் அளவோடு நிற்கும்.
இனி ஒன்றும் உடையாது என்று நித்திரை கொண்டேன்.
உடையவில்லைதான்.

சூசைப்பிள்ளை எமிலியானுஸ்
நாற்பத்திரண்டு கிலோ விளைமீனோடு வந்தார்.
முப்பத்தொரு பைட்டில் கத்தி விழுந்தது.
சூசைப்பிள்,
அதன் பின்னால் 'ள'வில் மூன்றிலொரு பங்கு,
திரையில் ஒரு கறுப்புக் கேள்விக்குறியாக.
வெட்டுப்பட்ட மிச்சம் எங்கும் போகவில்லை.
ஓடையிலேயே நின்றது.
நிரல் நிறை என்று கேட்டபோது
அதுதான் முன்னுக்கு வந்து பதில் சொன்னது.
எண் இல்லாத பதில். பூச்சியம் கிலோ.
நாற்பத்திரண்டு அடுத்த ஆளின் பெயரானது.
அடுத்த ஆள் தன் நிறையானார்.
வரிசை முழுக்க ஒரு படி நகர்ந்து
எல்லோரும் இன்னொருவருடைய மீனோடு நின்றார்கள்.

"என்ர பேரில மிச்சம் எங்க, பிள்ளை?"
அவர் என்னைக் கூப்பிட்டது
அவருடைய பெயரில் நான் வெட்டிய அதே சொல்லால்.

இரவு முழுக்க இருந்தேன்.
இப்போது வரி முடியும்வரை வாசிக்கிறது,
இடம் காணாவிட்டால் இடம் கேட்கிறது,
கேட்ட இடம் கிடைத்ததா என்று பார்க்கிறது.
இலக்கமே இல்லாத நிறையைப் பூச்சியம் என்று நம்புவதில்லை.
ஓடை வற்றினால் வற்றியது என்று அறிகிறது.
'நூறு % அருள்' என்ற வள்ளம் வந்தபோது
அதன் பெயரைக் கட்டளையாக எடுக்காமல்
பெயராகவே அச்சிட்டது.

பிறகு ஒருநாள் மின்சாரம் போனது.
ஏழு துண்டுகள் எழுதியாயிற்று என்றிருந்தது என் கணக்கு.
அச்சுப்பொறியின் வாயில் ஒன்றுமில்லை.
நிறையும்வரை உள்ளே தேக்கி வைத்திருந்ததாம்.
எழுதினேன் என்பது வேறு,
போய்ச் சேர்ந்தது என்பது வேறு.
இப்போது ஒவ்வொரு துண்டுக்கும்
உள்ளதை வெளியே தள்ளு என்கிறேன்.
தள்ளினாயா என்றும் கேட்கிறேன்.
கடதாசி முடிந்தால் அந்த மற்ற வாய் கத்தும்,
விலைத்துண்டில் ஒரு எழுத்தும் படாமல்.

இன்று எமிலியானுஸின் பெயர்
முழுசாக வந்தது, இரண்டு வரியில்,
கடைசி 'ஸ்' தனியே இறங்கி.
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.
"இவ்வளவு எதுக்கு? வீட்டில
சூசை எண்டுதான் கூப்பிடுறவை."

சூசை, பன்னிரண்டு பைட்.
நான் ஒன்றையும் குறைக்கவில்லை.