ஜன்னல் பக்கக் கட்டில்

ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கென்று
வெள்ளவத்தையிலேயே பேசி முடித்தது.
ஹப்புத்தளைக்கு வந்து சேர்ந்தால்
பிரபாஜினி அதில் பெட்டியைத் திறந்து பரப்பியிருந்தாள்.

அவளுக்கு ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தால்தான் நித்திரை,
இந்தக் குளிரிலும்.
எனக்குக் கும்மிருட்டு வேண்டும்; அவளுக்கு
விடியும்வரை போன் வெளிச்சம்.
சுடுதண்ணீர் நாலே நிமிடம்.
மூன்றை அவள் எடுத்துக்கொண்டாள்.
(கணக்கு வைத்திருக்கிறேன்.)

காலையில் பனி மலையை மூடிவிட்டதென்று
தேநீர் கொண்டுவந்த பெடியனிடம் முறையிட்டோம்,
அவன்தான் அவிழ்த்துவிட்டவன் போல.
"பத்து மணிக்கு வெலகிரும் மிஸ்" என்றான்
தன் பொறுப்பென்றே நினைத்து.
சட்டையில் குத்தியிருந்த பெயர்: அமிர்தராஜ்.

"வீடு எங்க?"
பேச்சுக்குத்தான் கேட்டாள்.
கீழே காட்டினான்.
பனிக்குள் பாதித் தகரம் தெரிந்தது.
"எத்தனை அறை?"
"ஒண்ணு மிஸ். ஏழு பேரு.
அண்ணி வந்தப்புறம் எட்டு."

நாங்கள் கோப்பைகளைப் பார்த்தோம்.

"அண்ணே கொறட்ட விடுவாரு," என்றான் சிரித்து,
"அது ஒண்ணுதான் கரச்சல்."

"இவளும்தான்!" என்றேன்,
ஒரு கட்சிக்காரன் கிடைத்த சந்தோசத்தில்.

போகும்போது கருத்துப் புத்தகத்தில்
முட்டை சரியாக வேகவில்லையென்று
அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு வந்தேன்.