இடப்பக்கம், எட்டாவது விலா

அரை சென்டிமீட்டர். அவ்வளவுதான்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற ஊசி
இத்தனை சுத்தமாய்த் துளை போடும் என்று
இன்றுதான் தெரிந்தது.
"வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்கிறான் தேசிங்கு.
ஊசி மேலேயா?
"ஊசி மேலதான்."
ஏட்டு எழுதிக்கொள்கிறார், நம்பாமல்.

ரத்தம் இல்லை, காற்று இல்லை,
குடல் இருக்கிற இடத்தில் குடல்
என்கிறது ஸ்கேன்.
ஸ்கேனும் சில நாள்
வழுக்கி விழுந்துட்டேன் என்று சொல்லும்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசைத் திரை.
அதில் விழுந்த ஓட்டை
வலிக்காது, காய்ச்சல் தராது.
ஒவ்வொரு மூச்சுக்கும் திரை ஏறி இறங்குவதால்
ஒட்டவும் ஒட்டாது.
ஒரு வருஷமோ ஐந்து வருஷமோ கழித்து
கல்யாண விருந்து முடிந்த ராத்திரியில்
இரைப்பை அதன் வழியே மேலேறி
நெஞ்சுக்குள் திருகிக்கொள்ளும்.
அன்றைக்கு டியூட்டியில் வேறு யாரோ.

கேமரா விட்டுப் பார்க்கலாம்.
பெட்டியின் சாவி பெரம்பூரில் தூங்குகிறது,
எட்டு மணிக்கு வரும்.

முழுசாய்த் திறக்கலாம், இப்போதே.
போன ஆடியில் வேதகிரியைத் திறந்தேன்,
மார்க்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை.
உள்ளே எல்லாம் சமர்த்தாய் இருந்தது.
ஒன்றுமில்லை, நல்ல சேதி என்றேன்.
தையல் விட்டுப் புடைத்த வயிற்றோடு
மூன்றாம் மாதம் வந்தார்:
"உங்க நல்ல சேதியச் சொமந்துகிட்டு
மிண்ட் தெருவுல மூட்ட தூக்க முடியலம்மா."

அதனால் இன்று கத்தியில்லை.
மணிக்கொருமுறை உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி
வயிற்றின் மேல் வைக்கிறேன்.
கை மாறக் கூடாது; நேற்றைய மென்மை
இன்னொரு கைக்குத் தெரியாது.
பன்னிரண்டு மணி: மெத்து.
ஒன்று: மெத்து. நாடி எண்பத்தாறு.
இரண்டு: "குளிருது."
மூன்று: நாடி நூற்றிரண்டு.
பயமா, பெருங்குடலா?
கையை எடுக்காமல் நிற்கிறேன்.
தியேட்டர் நர்ஸ் எட்டிப் பார்க்கிறாள், கையுறை எடுக்கட்டுமா என்று.
கொஞ்சம் இரு என்கிறேன்,
யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

வராந்தாவிலிருந்து அவன் மனைவி அஞ்சலாட்சி:
"ராத்திரி பூரா தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க,
வைத்தியம் எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

நாலுக்கு ஏட்டு குறட்டை விட்டார்.
தேசிங்கு என் காதுக்கு மட்டும்:
"அவ தம்பிதான். ஏலக் காசுத் தகராறு.
அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

இதைக் கேஸ் ஷீட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?
நாடி பார்த்தேன். எண்பத்து நாலு.
வயிறு மெத்து.
திரையைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை.

"ஏலத்துக்குப் போவலாமா?" என்கிறான்.
எட்டு மணி வரைக்கும் வாயில் தண்ணீர்கூடக் கூடாது.
சாவி வந்தால் பார்ப்போம்.
வராவிட்டாலும் பார்ப்போம்.

மணி ஐந்து.
உள்ளங்கைகளைத் தேய்க்கிறேன்.