அதே ஆள்

ஒமாஹாவில் சலவைக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
கீழே உலர்த்திகள் சுழல ஆரம்பித்தால்
மேசைமேல் வைத்த பேனா தானாக நகரும்.
நான் வக்கீல் இல்லை. வக்கீல் மார்லீன் குச்செரா.
நான் நகல் எடுப்பவன், காகிதத்தில் துளை போடுபவன்,
பணம் வாங்காத இடம்தானா என்று கேட்பவர்களுக்கு
ஆமாம் என்று இரண்டு முறை சொல்பவன்.

அவர் நவம்பரில் வந்தார்.
கையிலிருந்த உறையில் மூன்று ஆட்கள்.

பிறப்புச் சான்றிதழில் பஸ்குவால் மத்தேயோ பல்தசார்.
தன் பெயர், அப்பா பெயர், அம்மாவைப் பெற்றவரின் பெயர்.
குவாத்தமாலாவில் அவருடைய மலையில் அப்படித்தான் வைப்பார்கள்.
எல்லையில் யாரோ ஒருவர் கடைசியை முன்னால் இழுத்து
பல்தசார் பஸ்குவால் என்று தட்டினார்;
மத்தேயோ கட்டத்துக்கு வெளியே விழுந்துவிட்டது.
இறைச்சி ஆலையின் சம்பளச் சீட்டில் ரூபென் ஓர்ட்டிஸ்.
அது விலைக்கு வாங்கிய பெயர்.
அதைப் பற்றி மட்டும் மார்லீன்
கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

'குடும்பப் பெயர் என்ன?'
கேள்வி ஆங்கிலத்தில் கிளம்பி
தொலைபேசியில் ஒருவரிடம் ஸ்பானிஷ் ஆகி
இன்னொரு தொலைபேசியில் கன்ஹோபால் ஆகி
அதே வழியில் திரும்பி வந்தது:
'எந்தக் குடும்பத்தின் பெயர் என்று கேட்கிறார்.'

விசாரணை நாளன்று காலை ஏழு மணியிலிருந்து
நீதிமன்ற வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தாராம்.
பல்தசார், பல்தசார் என்று ஒரு குரல் கூப்பிட்டதாம்.
'என் தாத்தா செத்து இருபது வருஷம்.
அவரை இங்கே யார் தேடுகிறார்கள் என்று நினைத்தேன்.'
ஆள் வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.
ஆளில்லாமலே நாடுகடத்தும் உத்தரவு.

வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்பதற்கு
நூற்றெண்பது நாள்.
நூற்று அறுபத்தொன்று போயிருந்தது.

பத்தொன்பது நாளும் நான் வேறெதுவும் செய்யவில்லை.
குழந்தையின் பள்ளிக் கூத்துக்கும் போகவில்லை,
அதை இன்னும் வீட்டில் சொல்லிக்காட்டுகிறார்கள்.

சாட்சிக்கு கட்லுவாக் தியெங் வந்தார்.
தெற்கு சூடானிலிருந்து வந்து பதினாறு வருஷம்;
அன்றைக்குக் காரில் கூட்டிப்போனவர் அவர்தான்.
சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார்,
நீதிமன்ற வாசலில், அந்தத் தேதியில்,
எட்டு ஐம்பத்திரண்டுக்கு விழுந்த பார்க்கிங் அபராதச் சீட்டு.
'கட்டவே இல்லை. கோபத்தில் பத்திரமாக வைத்திருந்தேன்.'
மார்லீன் அந்தச் சீட்டை
இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

'இவர்தான் அவர் என்று எப்படித் தெரியும்?'
'பத்து மணி நேரம் எதிரெதிரே நின்று
பன்றித் தோளை அறுக்கிறோம், அம்மா.
அவன் இடதுகைக் கத்தி.
எதிரே நிற்கும் கத்தி மாறினால்
முதலில் தெரியப்போவது என் விரலுக்குத்தான்.'

தட்டச்சு செய்தேன்:
பஸ்குவால் மத்தேயோ பல்தசார் என்கிற
பல்தசார் பஸ்குவால் என்கிற ரூபென் ஓர்ட்டிஸ்;
மேற்படி மூவரும் ஒருவரே.
படித்துக் காட்டினோம். இரண்டு மொழி கடந்து போய்
அது அவரிடம் என்னவாகச் சேர்ந்ததோ,
தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஜனவரியில் பதில் வந்தது. ஒரே பக்கம்.
வழக்கு மீண்டும் திறக்கப்படுகிறது.
அடுத்த விசாரணைக்கு இரண்டு வருஷம் இருக்கிறது.
அந்தத் தாளிலும் மத்தேயோவில் ஓர் எழுத்துக் குறைகிறது.
திருத்தக் கோரி மனு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

செய்தி சொல்ல, எங்கள் தொலைபேசியிலிருந்தே
ஊரில் இருக்கும் மனைவியை அழைத்தார்.
ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தோம்.
அந்தப் பக்கமிருந்து அவள் ஒரு பெயர் சொன்னாள்,
இரண்டே அசை, எந்தக் காகிதத்திலும் இல்லாதது.
அவர் 'ம்' என்றார், சட்டென்று.

மொழிபெயர்ப்பாளர் யாரும் இணைப்பில் இல்லை.
பழக்கதோஷத்தில் நான் பேனாவைத் தேடினேன்.
அது மேசை விளிம்புக்கு நகர்ந்து போயிருந்தது.
மார்லீன் அதை எடுத்து
மூடி போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.