வண்டி எடை கழித்து

மோஜோ உலர் துறைமுகத்தில் கடல் கிடையாது.
கடல் எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்,
வேறொரு நாட்டில்.
இங்கே இருப்பது புழுதி, கன்டெய்னர்கள்,
அறுபது டன் தாங்கும் ஓர் எடைமேடை,
அதன் திரையைப் படித்துச் சொல்ல நான்.

வெறும் வண்டி ஒருமுறை,
சரக்கோடு ஒருமுறை.
பின்னதில் முன்னதைக் கழித்தால்
மிஞ்சுவதுதான் எடை.
பதினோரு வருடமாய் இந்த ஒரே கணக்கு.
மிச்சமெல்லாம் கையெழுத்து.

அந்த ஜனவரியில் வானொலி சொன்னது,
நாங்களும் சேர்ந்துவிட்டோம் என்று.
பிரேசிலும் ரஷ்யாவும் இந்தியாவும் சீனாவும்
தென்னாப்பிரிக்காவும் உட்கார்ந்திருந்த மேஜையில்
எங்களுக்கும், இன்னும் சிலருக்கும்
நாற்காலி இழுத்துப் போடும் சத்தம்கூடக் கேட்டது போலிருந்தது.
மனிதரில் கிட்டத்தட்டப் பாதி,
எண்ணெயில் இத்தனை பங்கு, கோதுமையில் இத்தனை.
உலகத்தின் எடை இடம் மாறுகிறது என்றார் வாசித்தவர்.
எடை என்ற சொல் காதில் விழுந்ததும்
ஒலியைக் கூட்டினேன்.
தொழில் பழக்கம்.

எங்கள் பெயரைப் பஞ்சத்தோடு மட்டும்
உச்சரித்துப் பழகிய வாய்கள்
இப்போது சதவீதத்தோடு உச்சரிக்கின்றன.
பிடித்திருந்தது எனக்கு.
மறைக்க மாட்டேன்.
அன்று மதியம் இரண்டு காப்பி குடித்தேன்.

அதே வாரம் மேடை கெட்டது.
அடியில் இருக்கும் எட்டு உணரிகளில் ஒன்று செத்து,
எள் லாரிகளெல்லாம் ஒரு டன் இளைத்துக் காட்டின.
ஹுமேராவில் விளைந்து
சிங்தாவோவுக்குப் போகிற எள்.
மேடை சீனாவில் செய்தது,
உதிரிபாகம் துபாய்க் கிடங்கில்.
"ரெண்டும் நம்ம மேஜைதானே?" என்றேன்.
"ஆமாம்," என்றார் மேலாளர் வொந்தஃப்ராஷ்,
"விலைச்சீட்டு டாலரில்."

டாலருக்கு வங்கியில் வரிசை.
எங்களுக்கு முன்னால்
மருந்து, உரம், டயர்,
பியர் ஆலை ஒன்றுக்குப் பாட்டில் மூடி.

நாற்பத்தியொரு நாள்.
நெடுஞ்சாலை வரை லாரிகள்.
அஃபார்க்காரன் ஹுமெட்
வண்டிக்கு அடியில் பாய் விரித்துக் குடியேறிவிட்டான்.
தினமும் காலையில் அங்கிருந்தே கேட்பான்:
"லெலிசே, இன்னிக்கு நம்ம எடை என்ன?"
வெயிலில் மூட்டைகள் கிடந்தன.
எள் காய்வது எண்ணெய்க்கு;
நாங்கள் எதற்குக் காய்ந்தோம் என்று
வொந்தஃப்ராஷிடம் கேட்கவில்லை.
அவரும் காய்ந்துகொண்டுதான் இருந்தார்,
வங்கி வாசலில், கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி.

பாகம் வந்தது. மாட்டினார்கள்.
சுழியம் நேராக நின்றது.
லாரி ஏறும் முன்னால்
காப்பி விற்கும் நூரியா ஏறினாள்,
கையில் பிளாஸ்க், முதுகில் குழந்தை.
அறுபது.
குழந்தையைச் சிமென்ட்டில் இறக்கிவிட்டுத்
தனியாய் நின்று பார்த்தாள்.
அறுபது.

"உன் மேடை இன்னும் கெட்டுத்தான் கிடக்கு."
"கெடலை. இதுக்கு இருபது இருபதாத்தான் எண்ணத் தெரியும்.
நடுவிலே வர்றதைப் பக்கத்து எண்ணோட சேர்த்துக்கும்,
இல்லேன்னா விட்டுடும்."
"இவனைச் சேர்த்ததா, விட்டதா?"

திரையைப் பார்த்தேன்.
திரை அறுபது என்றது.

ஹுமெட் ஹாரன் அடித்தான்,
நாற்பத்தியொரு நாள் ஹாரன்.
நூரியா குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள்.
எண் கீழே இறங்கிச் சுழியத்தில் நின்றது.

எட்டிப் பார்த்தால்
பிளாஸ்க் மேடையிலேயே இருக்கிறது.

கையைத் தூக்கி லாரியை நிறுத்திவிட்டுப்
போய் எடுத்துவந்தேன்.
நிறைய இருந்தது.
சுட்டது.