மொடலை நீட்டும் முறை

முதலில் முதுகைக் காட்ட வேண்டும்,
முகத்தை அல்ல.
நிறம் இருப்பது முதுகில்தான்,
கமராவின் மூன்று கண்ணும் அங்கேதான்.
இரண்டு விரலால் விளிம்பைப் பிடி,
பெருவிரல் கண்ணை மறைக்கக் கூடாது.
லைட்டுக்குக் கீழே மெல்லச் சரித்தால்
நீலம் ஊதாவாகும்.
அந்த நேரம் பேசாதே.
விலையைக் கடைசியாகச் சொல்,
அதையும் மாதத் தவணையாக.

கொள்ளுப்பிட்டியில், மாடிப்படி ஏறியதும் இடப்பக்கம்.
இதைச் சொல்லித்தந்த இரண்டு நாளுக்கும்
சம்பளம் இல்லை.
என் சட்டையில் நிலூகாவின் பெயர் அட்டை.
அவள் போய் நாலு மாதம்,
என்னுடையது இன்னும் அச்சாகவில்லை.
வருகிறவர்கள் நிலூகாவோடு சிங்களத்தில் பேசுகிறார்கள்.
நிலூகா சிரிக்கிறாள், விற்கிறாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஹில்மி.
நான் சொல்லாமல் விட்டதெல்லாம்
அவனிடம்தான் வந்து சேரும்.
மூடியைத் தள்ளிக்கொண்டு வீங்கிய பற்றரி.
சார்ஜ் ஓட்டையில் பச்சை பூத்திருந்தால்
"வெள்ளவத்தை, கடல் பக்கம்" என்பான்
முகவரி கேட்காமலே.
சட்டத்தரணி ஒருவரின் திரை
தொடாமலே தானாய் அழுந்தி
எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு
ஒரு சிவப்பு இதயம் அனுப்பியிருந்தது.
ஓட்டோக்காரர் ஒருவருடையதில்
வரைபடத்தின் நிழல் அழியாமல் பதிந்துவிட்டது;
மகள் வீடியோவில் வந்தாலும்
அவள் நெற்றியில் மருதானைச் சந்தி.

நேற்று மெட்டில்டா வந்தார், ஜிந்துப்பிட்டியிலிருந்து.
விடிய முன்னம் எழுநூறு இடியப்பம் அவித்துக்
கடைகளுக்குக் கொடுக்கிறவர்.
நிலூகாவிடம் சிங்களத்தில் தொடங்கி
கோபம் ஏற ஏறத் தமிழுக்கு வந்தார்.
"அவர் பேசுறது எனக்குக் கேக்குது.
நான் பேசுறது அவருக்குக் கேக்குறதில்ல.
மூணு கெழமையா.
கோபமா, கோபமான்னு அவரே கேட்டு
அவரே வச்சிடுறார்."
டோஹாவில் கிரேன் ஓட்டுகிற மனுஷன்.
எழுதி அனுப்பலாம்தானே என்றேன்.
"சண்டைய எழுத ஏலுமா, தங்கச்சி?"

முதலாளி கண்ணால் சொன்னார்: புதியதைக் காட்டு.
காட்டினேன். முதுகு. சரிவு. ஊதா.
மூன்று கமராவையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு
மெட்டில்டா கேட்டார்:
"இதுல வாய் எங்க?"

கவிழ்த்துத் தேடினேன்.
அடி விளிம்பில் ஊசி முனையளவு துளை.
நாலு மாதமாக விற்கிறேன்,
ஒருவரும் கேட்டதில்லை.
கண்ணை மறைக்காத என் பெருவிரல்
இத்தனை நாளும்
வாயைத்தான் மூடிப் பிடித்திருக்கிறது.

மைக்கா, போர்டா என்று
முதலாளி கணக்குப் போட்டுக்கொண்டிருக்க
ஹில்மி பழைய போனை விளக்கடியில் சாய்த்தான்.
ஊசியை ஆழ விட்டால் உள்ளே சவ்வு கிழியும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
வாசலில் மட்டும் கிளறி, பிரஷால் வாரி,
உள்ளங்கையில் தட்டினான்.
கடுகளவு.
இறுகிக் கல்லான சிவப்பரிசி மா.

"துடைச்சிக் குடு" என்றான்.
எப்படி நீட்டுவதென்று
எந்தப் பயிற்சியிலும் இல்லாத போன் அது.
முகத்தை முதலில் காட்டினேன்.
இடது மூலையில் வெடிப்பு,
பின்னேரம் நாலு மணி வரை தாங்கும் பற்றரி,
உறைக்குள்ளே வியர்வை பட்டு மங்கிய மடுமாதா.
ஒன்றையும் சரிக்காமல்
இரண்டு கையாலும் நீட்டினேன்.
விலையையும் முதலிலேயே சொன்னேன்:
முந்நூறு ரூபா.
முதலாளி காலி வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கேயே நின்று எடுத்தார் மெட்டில்டா.
மூன்று கிழமையையும் சேர்த்து ஒரு ஹலோ.
கீழ்த்தளத்தில் ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.
ஸ்பீக்கரில் டோஹா சொன்னது:
"ஏன் கத்துற?"

படியிறங்கும்போதே தொடங்கிவிட்டது,
போன மாதம் காசு எந்தத் திகதி வந்ததென்று.

அடுத்தவர் நிலூகாவைக் கூப்பிட்டார்.
நீலத்தைக் கையில் எடுத்தேன்.
பெருவிரலை எங்கே வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.