சேவல் பெட்டி

அஷைமான் சந்தையில்
என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
‘அக்பேனே ஆணி’ என்றால்
ட்ரோட்ரோ வேன் நிற்கும்.

பதினோரு வருடம்
சேவல் படம் போட்ட பெட்டிதான் விற்றேன்.
கடல் கடந்து வந்த சேவல்.
அதன் அடியில் இருந்த எழுத்தை வாசிக்க
எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரியாது.
வாசிக்க முடியாததாலேயே
நம்பினோம்.

எங்கள் பணத்துக்குச் செடி என்று பெயர்.
ஒரு வருடம்
அது வாடிக்கொண்டே போனது.
கப்பலுக்குக் கப்பல்
சேவலின் விலை கூரையேறிக் கூவியது.

அப்போதுதான் ரயில்பாதைக்குப் பின்னால்
மூடிக் கிடந்த பிஸ்கட் ஆலைக் கொட்டகையில்
யாரோ ஓட்டிக் களைத்த இயந்திரம் ஒன்று
கம்பியைக் கடித்துத் துப்பத் தொடங்கியது.
நிமிடத்துக்கு இருநூறு ஆணி என்றார்கள்,
மின்சாரம் இருந்தால்.

முதல் சாக்கை இறக்கியவன் ஸெலோர்ம்.
‘நம்ம ஊர்ச் சரக்கு’ என்றான்
முதல் பிள்ளை பெற்றவன் மாதிரி.
நான் சுத்தியலை எடுத்தேன்.
ஒரே அடி.
வளைந்ததை அவன் உள்ளங்கையில் வைத்து
‘தூண்டிலுக்கு ஆகும்,
துறைமுகத்தில் போய் மீனவனிடம் விற்றுக்கொள்’ என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து வந்தான்,
தோளில் ஒரு மரத்துண்டோடு.
என் சுத்தியலை அவனே வாங்கி அடித்தான்.
இறங்கியது.
நெளியாமல், முனகாமல்
கழுத்துவரை இறங்கியது.

ஆனாலும் விற்கவில்லை.
‘சேவல் இல்லையா?’
‘இல்லை.’
‘சரி, நாளைக்கு வருகிறேன்.’
அந்த நாளை
எதிர்க்கடையில் விடிந்தது.

ஓர் இரவு கதவைச் சாத்திவிட்டு
காலிச் சேவல் பெட்டிகளில்
சாக்கைக் கவிழ்த்தேன்.

பறந்தது சரக்கு.
பள்ளிக்கூடக் கூரைக்கு, கோழிக்கூண்டுக்கு,
புகைமீன் அடுக்கும் தட்டிக்கு,
புதுப் பாதிரியாரின் கட்டிலுக்கு.
சேவல் விலைக்கே வாங்கினார்கள்,
சேவலைப் போல் வருமா என்று
என்னிடமே சொன்னார்கள்.

ஏழாவது வாரம் தச்சர் லார்ட்டே வந்தார்.
எப்போதும் வாயில் மூன்று ஆணி,
பேசும்போதும் எடுக்கமாட்டார்.
அன்று எடுத்தார்.
ஒவ்வொன்றாய் என் தராசுத் தட்டில் வைத்தார்.

‘சேவல் மண்ணெண்ணெயாய்க் கசக்கும்.
இதில் பனங்கொட்டை ருசி.
அந்த உமியில்தானே உருட்டித் துலக்குகிறார்கள்?
முதல் நாளே என் நாக்குக்குத் தெரியும்.’

காது சுட்டது எனக்கு.
‘போலீசுக்குப் போவீர்களா?’
‘எதற்கு? ஆணி நல்ல ஆணி.
மீதிச் சில்லறையை எடு.’

சேவல் விலைக்கும் சாக்கு விலைக்கும் நடுவே
கிலோவுக்குப் பதினாறு செடி.
பன்னிரண்டு கிலோ.
எண்ணிக் கொடுத்தேன்.
அவர் மறுபடியும் எண்ணினார்.
பிறகு இரண்டு கிலோ கேட்டார்.
பெட்டி வேண்டாம், தாளில் சுற்று என்றார்.

கம்பி மட்டும் இன்னும் கப்பலில்தான் வருகிறது.
ஸெலோர்மே சொன்னான், குரலைத் தாழ்த்தி.
செத்த லாரிகளை இங்கேயே உருக்கி
கம்பி இழுக்கப் போகிறார்களாம்.
எப்போது என்றேன்.
கூரையில் தொங்கிய பல்பைப் பார்த்தான்.
அது அணைந்திருந்தது.

பெட்டிகளை நான் எரிக்கவில்லை.
பசை ஒட்டிய விளிம்பைப் பிரித்து
உள்பக்கம் வெளியே வர மடித்தேன்.
உள்ளே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.
கரித்துண்டால் நானே எழுதினேன்,
எந்த ஊர் ஆணி, கிலோ என்ன விலை.
எழுத்துக் கோணல்தான்,
ஆனால் தெரு முழுக்க வாசிக்க முடிகிறது.

வாசித்துவிட்டு
முதல் ஆள்
விலை கூடுதல் என்று
சண்டைக்கு வந்து நிற்கிறார்.